இன்னும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்: கிரிப்டோ சொற்களில் சிக்கிய வாசகருக்கு ஒரு வழக்கறிஞரின் பதில்

வாசகரின் கடிதம் (சுருக்கம்)

விருதுநகர் மாவட்டத்திலிருந்து பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 61. பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சில மாதங்களுக்கு முன்பு யாரோ அவரை ஒரு டெலிகிராம் குழுவில் சேர்த்தார்கள். டாலர் மதிப்போடு கட்டிவைத்த கிரிப்டோ நாணயமான யுஎஸ்டிடியை வைத்து 'யுஎஸ்டிடி ஸ்டேக்கிங்' செய்தால் தினமும் 2.5 சதவீத லாபம் என்றார்கள். சோதனைக்காகச் சிறு தொகை போட்டார். 100 யுஎஸ்டிடி எடுக்க முடிந்தது. வங்கிக் கணக்கில் 9,000 ரூபாய் வந்தது. அந்த நம்பிக்கையில் பணிக்கொடையில் இருந்து கொஞ்சம், மனைவியின் நகையை அடகு வைத்துக் கொஞ்சம் என்று 6,30,000 ரூபாய்க்கு பி-டு-பி முறையில் (தனிநபர்களிடமே நேரடியாக) 7,000 யுஎஸ்டிடி வாங்கி, மூன்று தவணையாக அவர்கள் கொடுத்த ஆப் காட்டிய முகவரிக்கு அனுப்பினார். இரண்டு மாதத்தில் ஆப்பில் இருப்பு 31,400 யுஎஸ்டிடி என்று வந்தது. கிட்டத்தட்ட 28 லட்சம் ரூபாய்.

எடுக்கப் போனபோது, 'இந்திய அரசின் வரி' 20 சதவீதத்தையும் 'கேஸ் ஃபீ' 5 சதவீதத்தையும் முதலில் கட்டச் சொல்கிறார்கள். இதற்கிடையில் வேறு மாநிலக் காவல்துறையின் புகார் காரணமாக, ஓய்வூதியம் வரும் அவருடைய வங்கிக் கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் தொடர்புகொண்டு, வாலெட்டின் 12 சொற்களையும் 30,000 ரூபாயையும் கேட்கிறார். இவர் சொன்னதை நம்பி நண்பர்கள் இருவரும் அதே ஆப்பில் பணம் போட்டிருக்கிறார்கள். மனைவிக்கு இன்னும் தெரியாது.

"பிளாக்செயின், வாலெட், ஸ்டேக்கிங், கேஸ், ஹாஷ், ஸ்மார்ட் கான்ட்ராக்ட் என்று சொல்லிக்கொண்டே போகிறார்கள். 34 வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிளாக்செயினில் இருக்கும் பணத்தை யாரும் எடுக்க முடியாது என்கிறார்களே, அப்படியானால் என் பணம் பத்திரமாகத்தானே இருக்கும்? அரசே வரி வாங்குகிறது என்றால் இது அங்கீகாரம் பெற்ற தொழில்தானே? வரியைக் கட்டி எடுத்துவிடலாமா?" இவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள ஐயா,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். வரி, கேஸ் ஃபீ, டெபாசிட், சரிபார்ப்புக் கட்டணம் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இனி ஒரு ரூபாய்கூட அந்தப் பக்கம் போகக் கூடாது. அந்த 20 சதவீதம் என்பது 6,280 யுஎஸ்டிடி, ஐந்தரை லட்சத்துக்கும் மேல். நீங்கள் போட்டதற்குக் கிட்டத்தட்ட சமமான தொகையை இன்னொரு முறை கேட்கிறார்கள். கட்டினால் அடுத்து வேறு ஒரு கட்டணம் வரும்.

இரண்டாவது, அந்த 12 சொற்களை யாருக்கும் கொடுக்காதீர்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட சொற்கள் எல்லாம் உண்மையான சொற்கள்தான். ஒவ்வொன்றுக்கும் தெளிவான அர்த்தம் இருக்கிறது, சரிபார்த்துக்கொள்ள வழியும் இருக்கிறது. உங்களிடம் பேசியவர்கள் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, சரிபார்க்கும் வழியைச் சொல்லாமல் விட்டார்கள். கணக்கு வாத்தியாரான உங்களுக்கு அந்த வழியைக் காட்டினால் போதும். நீங்களே விடை போட்டுவிடுவீர்கள்.

பிளாக்செயின் எதைப் பாதுகாக்கிறது?

உங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் மொய் நோட்டு எழுதுவார்கள். அதே நோட்டின் பிரதி ஊரில் உள்ள எல்லா வீட்டிலும் இருக்கிறது, ஒரு வரி எழுதினால் எல்லாப் பிரதியிலும் அந்த வரி ஏறிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டு நோட்டில் மட்டும் 500-ஐ 5,000 ஆக்கினால் மற்ற வீட்டு நோட்டுகள் காட்டிக்கொடுத்துவிடும். பிளாக்செயின் என்பது அப்படி ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே நேரத்தில் இருக்கும் பதிவேடு. பரிவர்த்தனைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, ஒவ்வொரு கட்டையும் (பிளாக்) அதற்கு முந்தையதோடு கணித முறையில் பிணைக்கிறார்கள். அதனால் பழைய பதிவை யாரும் திருத்த முடியாது. சடோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் ஒருவரோ சிலரோ 2008 அக்டோபர் 31 அன்று இதை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3 அன்று பிட்காயினின் முதல் பிளாக் உருவானது.

ஆக, பிளாக்செயின் பாதுகாப்பது பதிவை. இன்ன முகவரியிலிருந்து இன்ன முகவரிக்கு இவ்வளவு போனது என்பதை அழிக்க முடியாது. பணம் வாங்கிய ஆள் யோக்கியனா என்பதை அது பார்ப்பதில்லை. திருடனுக்கு அனுப்பினாலும் அதே உறுதியோடு பதிந்துவைக்கும். பிளாக்செயினில் இருப்பதை யாரும் எடுக்க முடியாது என்று உங்களிடம் சொன்னது பாதி உண்மை. சாவி இல்லாதவர் எடுக்க முடியாது. நீங்களே அனுப்பிவிட்ட பிறகு சாவி உங்களிடம் இல்லை.

உங்கள் 7,000 யுஎஸ்டிடி எங்கே போனது?

நீங்கள் அனுப்பிய திரைப்பிடிப்புகளில் மூன்று பரிவர்த்தனை ஹாஷ்கள் இருந்தன. ஹாஷ் என்பது எண்ணும் எழுத்தும் கலந்த 64 குறிகள் கொண்ட நீளமான அடையாளம். வங்கியில் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் யுடிஆர் எண் கொடுப்பார்களே, அதன் வேலையைத்தான் இது செய்கிறது. நீங்கள் யுஎஸ்டிடி அனுப்பியது ட்ரான் என்ற பிளாக்செயின் நெட்வொர்க்கில், டிஆர்சி-20 எனும் அதன் டோக்கன் வகையில். முகவரி 'டி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதை வைத்தே அதைச் சொல்லிவிடலாம். ட்ரானின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் ட்ரான்ஸ்கேன் என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இப்படிப்பட்ட தளத்துக்கு பிளாக் எக்ஸ்ப்ளோரர் என்று பெயர்.

முதல் ஹாஷை அங்கே ஒட்டித் தேடினேன். அனுப்பியது உங்கள் வாலெட் முகவரி, பெற்றது ஆப் கொடுத்த முகவரி, தொகை 1,000 யுஎஸ்டிடி, நிலை 'வெற்றி'. சரி. பெற்ற முகவரியைத் தொட்டு அதன் கணக்கைத் திறந்தேன். உங்கள் 1,000 வந்த அரை மணி நேரத்துக்குள் வேறு ஒரு முகவரிக்குப் போயிருக்கிறது. 2,500 அனுப்பிய இரண்டாவது தவணைக்கும் 3,500 அனுப்பிய மூன்றாவதற்கும் அதே கதை. ஆப் கொடுத்த முகவரியில் இன்றைய இருப்பு பூஜ்ஜியம். பணம் அடுத்தடுத்துத் தாவி, பெரிய தொகைகளோடு கலந்து, ஒரு கட்டத்தில், கிரிப்டோ வாங்கி விற்க இடம் தரும் நிறுவனமான ஓர் எக்ஸ்சேஞ்சின் பெயர் போட்ட முகவரிக்குள் நுழைந்திருக்கிறது. இந்தக் கடைசி விவரம் உங்களுக்கு மிக முக்கியம். காவல்துறை பற்றிச் சொல்லும்போது திரும்ப வருகிறேன்.

ஆப்பில் தெரியும் 31,400 எங்கே? எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது ஒரு திரையில் எழுதிக் காட்டும் எண் மட்டுமே. தினமும் 2.5 சதவீதம் கூட்டிக்கொண்டே போகும்படி யாரோ நிரல் எழுதிவைத்திருக்கிறார்கள். ஐயா, உங்கள் இழப்பு 28 லட்சம் இல்லை. 6,30,000 ரூபாய். சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனால் 28 லட்சம் கண்ணுக்குத் தெரிவதால்தான் ஐந்தரை லட்சம் கட்டத் தோன்றுகிறது. அந்த எண்ணை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள்.

இப்படிப் பதிவேடே இல்லாமல் நடந்த மோசடி உங்களோடு தொடங்கியதும் இல்லை. ஒன்காயின் என்ற பெயரில் உலகம் முழுக்கப் பல நூறு கோடி டாலர் வசூலித்தார்கள். அதற்கு உண்மையான பிளாக்செயினே இல்லை என்பது பிறகு அமெரிக்க வழக்குகளில் வெளிவந்தது. படித்தவர்களும் அதில் ஏமாந்தார்கள்.

வாலெட், சாவி, 12 சொற்கள்

வாலெட்டுக்குள் காசு இருப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். காசு இருப்பது பதிவேட்டில். வாலெட் வைத்திருப்பது அதை நகர்த்தும் சாவியை. முகவரி எல்லோரும் பார்க்கலாம், கொடுக்கலாம். பிரைவேட் கீ எனும் ரகசியச் சாவியை யார் வைத்திருக்கிறாரோ அவரே உரிமையாளர் போல நடந்துகொள்ள முடியும். பதிவேடு வேறு எந்த அடையாளத்தையும் கேட்பதில்லை.

அந்தச் சாவியை மனிதர்கள் எழுதிவைக்கத் தோதாக மாற்றியதுதான் சீட் ஃப்ரேஸ். 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வாலெட்டே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். அந்த வரிசை தெரிந்தால் போதும், உலகின் எந்த மூலையிலிருந்தும் உங்கள் வாலெட்டைத் திறக்கலாம். ஓடிபி வராது, வங்கி மேலாளர் கூப்பிட்டுக் கேட்க மாட்டார், திரும்பப் பெறவும் வழி இல்லை. அதனால்தான் எந்த உண்மையான நிறுவனமும், எந்தக் காவல் அதிகாரியும் அதைக் கேட்பதில்லை.

'மீட்டுத் தருகிறேன்' என்று வந்தவர் அதைக் கேட்டது, உங்கள் வாலெட்டில் மிச்சமிருப்பதாக நீங்கள் எழுதிய 210 யுஎஸ்டிடியை எடுக்கத்தான். பிளாக்செயின் பரிவர்த்தனையை 'ரிவர்ஸ்' செய்வதாக அவர் சொல்வது நடக்காத காரியம். பழைய பதிவைத் திருத்த முடியாது என்று மேலே பார்த்தோமே, அது உங்களுக்கும் பொருந்தும், அவருக்கும் பொருந்தும். ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டாம் சுற்று வசூல் செய்வது இந்தக் கும்பல்களின் வழக்கம். பல சமயம் அதே ஆட்கள்தான் வேறு பெயரில் வருகிறார்கள். அவர் சொன்ன எதையும் போனில் நிறுவியிருந்தால், அதே போனில் எதுவும் செய்யாதீர்கள். நம்பகமான ஒருவரின் உதவியோடு வேறு போனில் புதிய வாலெட் உருவாக்கி, அந்த 210-ஐ அங்கே மாற்றுங்கள்.

ஸ்டேக்கிங் என்றார்கள், மைனிங் என்றார்கள்

பிட்காயினில் புதிய பிளாக்கைச் சேர்க்கும் உரிமைக்காகக் கணினிகள் போட்டி போட்டுக் கணக்கிடுவதற்கு மைனிங் என்று பெயர். அதற்கு ஏராளமான மின்சாரம் செலவாகும். வெல்பவருக்குப் புதிய பிட்காயின் கிடைக்கும். 2024 ஏப்ரல் முதல் ஒரு பிளாக்குக்கு 3.125. எதீரியம் என்ற இன்னொரு பிளாக்செயின் 2022 செப்டம்பரில் இந்த முறையைக் கைவிட்டு ஸ்டேக்கிங்குக்கு மாறியது. அந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயமான ஈதரை ஈடாக வைத்துவிட்டு, பிளாக்குகளைச் சரிபார்க்கும் வேலையைச் செய்வதுதான் ஸ்டேக்கிங். ஒழுங்காகச் செய்தால் சிறு வெகுமதி, தவறு செய்தால் ஈட்டில் வெட்டு.

யுஎஸ்டிடி எந்த நெட்வொர்க்குக்கும் சொந்த நாணயம் கிடையாது. டெதர் என்ற தனியார் நிறுவனம் ஒரு டாலருக்கு ஒன்று என்ற கணக்கில் வெளியிடும் டோக்கன் அது. மதிப்பு ஏறி இறங்காமல் டாலரோடு கட்டிவைத்திருப்பதால் ஸ்டேபிள்காயின் என்கிறார்கள். அதை மைனிங் செய்ய முடியாது. ஸ்டேக்கிங் செய்து பிளாக்குகளைச் சரிபார்க்கவும் முடியாது. ஒருவரிடம் வட்டிக்குக் கொடுக்க மட்டுமே முடியும். அப்படிக் கொடுத்தால், வாங்கியவர் யார், திருப்பித் தருவாரா என்ற பழைய கேள்விதான் மிஞ்சும்.

சதவீதத்தைப் பாருங்கள். ஈதர் ஸ்டேக்கிங்கில் கிடைப்பது ஆண்டுக்குச் சுமார் 3 சதவீதம். உங்களுக்குச் சொன்னது நாளுக்கு 2.5. கூட்டு வட்டியில் 1.025-ஐ 365 அடுக்குக்கு உயர்த்துங்கள். 8,200 மடங்கு வரும். ஒரு லட்சம் போட்டவர் ஒரே வருடத்தில் 82 கோடி எடுக்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு இது. இதைப் போட்டுப் பார்க்க நேரம் கொடுக்காமல் 'இன்று இரவு 9 மணிக்குள் சேர்ந்தால் போனஸ்' என்று விரட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அவசரப்படுத்தினால் யாராலும் சரியாகக் கணக்குப் போட முடியாது என்பது உங்களுக்கு வகுப்பறையிலேயே தெரியும்.

ஸ்மார்ட் கான்ட்ராக்ட் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். நெட்வொர்க்கில் பதிந்துவைத்த ஒரு நிரல், அவ்வளவுதான்; நிபந்தனை நிறைவேறினால் தானாக இயங்கும். பெயரில் ஒப்பந்தம் இருப்பதால், கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் போல நீதிமன்றத்தில் காட்டலாம் என்று நினைக்க வேண்டாம். எதிர்த்தரப்பு யார் என்றே தெரியாமல் எதை அமல்படுத்துவது?

கேஸ் ஃபீயும் வரியும்: இரண்டையும் இப்படிக் கேட்க மாட்டார்கள்

ஒரு பரிவர்த்தனையைப் பதிவேட்டில் ஏற்ற நெட்வொர்க் வாங்கும் கூலிதான் கேஸ் ஃபீ. அனுப்புபவரின் வாலெட்டிலிருந்து, அந்த நெட்வொர்க்கின் சொந்த நாணயத்தில், அனுப்பும் அந்த நொடியில் கழியும். ட்ரானில் அது டிஆர்எக்ஸ். சாதாரணமாக ஒரு யுஎஸ்டிடி பரிமாற்றத்துக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். 100 அனுப்பினாலும் 10,000 அனுப்பினாலும் அதே அளவுதான், ஏனென்றால் நிரலுக்கு இரண்டும் ஒரே வேலை. தொகையில் 5 சதவீதம் கேஸ் ஃபீ என்று ஒன்று கிடையாது. நீங்கள் மூன்று முறை அனுப்பியபோது கழிந்த டிஆர்எக்ஸ் எவ்வளவு என்று ட்ரான்ஸ்கேனில் பாருங்கள், உடனே புரியும்.

வரி விஷயத்தில் கேட்கிற விகிதமே தப்பு. 2022-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தின்படி, மெய்நிகர் டிஜிட்டல் சொத்தை (கிரிப்டோவுக்குச் சட்டம் வைத்த பெயர்) விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன் மேல் செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. நஷ்டத்தை வேறு வருமானத்தில் ஈடுகட்டவும் முடியாது, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் பரிவர்த்தனைத் தொகையில் 1 சதவீத டிடிஎஸ்ஸும் உண்டு. டிடிஎஸ் என்றாலே, கொடுக்க வேண்டிய தொகையில் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. உங்கள் பான் எண்ணின் வரிக் கணக்கில் அது தெரியும். ஓய்வூதியத்தில் வரி பிடித்தபோது, முன்பணமாக நீங்கள் கட்டினால்தான் ஓய்வூதியம் என்று கருவூலத்தில் யாராவது சொன்னார்களா? வருமான வரியை நீங்கள் செலுத்துவது வருமான வரித் துறையின் தளத்தில், உங்கள் பான் எண்ணில், ரூபாயில். டெலிகிராமில் வரும் வாலெட் முகவரிக்கு இந்திய அரசின் எந்தத் துறையும் வரி வாங்குவதில்லை.

அரசு வரி வாங்கினால் அங்கீகாரம் என்று அர்த்தமா?

இல்லை. கிரிப்டோ வாங்குவதும் வைத்திருப்பதும் இந்தியாவில் குற்றமில்லை. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். வங்கிகள் இந்தத் தொழிலுக்குச் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் போட்ட சுற்றறிக்கையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று ரத்து செய்தது. ஆனாலும் அது ரூபாயைப் போலச் சட்டபூர்வ செலாவணி கிடையாது. ரிசர்வ் வங்கி 2022-இல் சோதனை முறையில் தொடங்கிய டிஜிட்டல் ரூபாய் வேறு. அது அரசின் பணம். இரண்டையும் குழப்பித்தான் உங்களிடம் 'ஆர்பிஐ அங்கீகரித்தது' என்று ஒரு படத்தைக் காட்டியிருக்கிறார்கள்.

2023 மார்ச் முதல், இந்தியர்களுக்குச் சேவை தரும் எக்ஸ்சேஞ்சுகள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவில் அவை பதிவு செய்ய வேண்டும், கேஒய்சி வாங்க வேண்டும். பதிவு இருந்தால் பணத்துக்கு உத்தரவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள சொத்துகள் களவுபோனபோது, அதன் வாடிக்கையாளர்கள் மாதக்கணக்கில் பணத்தை எடுக்க முடியாமல் தவித்தார்கள். சாவி எக்ஸ்சேஞ்சிடம் இருப்பதன் ஆபத்து அது. ஆனால் அங்கே ஒரு நிறுவனம் இருந்தது, முகவரி இருந்தது, வழக்குப் போட ஓர் எதிராளி இருந்தார். அந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் தொடர்ந்த வழக்கில்தான், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோவைச் சொத்தாகக் கருத முடியும், ஒருவருக்காக இன்னொருவர் பொறுப்பில் வைத்திருக்கவும் முடியும் என்று சொன்னது. உங்கள் புகாரில் 'ஏதோ ஆன்லைன் விளையாட்டில் பணம் போச்சு' என்று யாராவது எழுத முயன்றால், என் சொத்தை ஏமாற்றிப் பறித்தார்கள் என்று எழுதச் சொல்ல உங்களுக்கு இந்தத் தீர்ப்பு துணை நிற்கும்.

இப்போது செய்ய வேண்டியவை

முதலில் 1930 என்ற எண்ணை அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதியுங்கள். நாள் ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். வரும் ஒப்புகை எண்ணோடு மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போய் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவும் (பழைய 420), தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-டி பிரிவும் பொருந்தும்.

புகாரோடு வைக்க வேண்டியவை: மூன்று ஹாஷ்கள், ஆப் கொடுத்த முகவரி, பி-டு-பி விற்றவர்களுக்கு யுபிஐயில் பணம் அனுப்பிய விவரம், டெலிகிராம் உரையாடல்கள். குழுவை விட்டு வெளியேறுமுன் உரையாடலைச் சேமித்துக்கொள்ளுங்கள். வெளியேற்றிவிட்டால் அழித்தும் விடுவார்கள். ஹாஷை எண் மாறாமல் கணினியில் நகலெடுத்து அச்சிடுங்கள், கையால் எழுத வேண்டாம்.

எக்ஸ்சேஞ்ச் விவரம் முக்கியம் என்றேனே, காரணம் இது. எக்ஸ்சேஞ்சுக்குள் போன பணத்துக்குப் பின்னால் கேஒய்சி கொடுத்த ஓர் ஆள் இருப்பார். காவல்துறை கேட்டால் அவர் யார் என்று தெரியவரும், கணக்கில் மிச்சம் இருந்தால் நிறுத்திவைக்கலாம். யுஎஸ்டிடியை ஒரு முகவரியிலேயே முடக்கும் வசதி டெதர் நிறுவனத்துக்கும் உண்டு. புலனாய்வு அமைப்புகள் கேட்டு அப்படி முடக்கியும் இருக்கிறது. இவற்றைக் கேட்க வேண்டியது காவல்துறை, நீங்களோ 'மீட்பு ஏஜென்ட்டோ' இல்லை. முழுத் தொகையும் திரும்பும் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் ஒரு பகுதி கிடைத்தாலே பெரிய விஷயம். ஆனாலும் புகார் இல்லாவிட்டால் அந்தப் பகுதியும் கிடைக்காது. உங்கள் முடக்கப்பட்ட கணக்குக்கும் இந்தப் புகார்தான் முதல் ஆவணம்.

டெலிகிராமில் ஆதார், பான், முகம் தெரியும் வீடியோ எல்லாம் அனுப்பியிருக்கிறீர்கள். ஆதாரின் பயோமெட்ரிக்கைப் பூட்டிவையுங்கள். உங்கள் பெயரில் வேறு சிம் இருக்கிறதா என்று சஞ்சார் சாத்தி தளத்தில் பாருங்கள். கடன் ஏதும் எடுத்திருக்கிறார்களா என்று சிபில் அறிக்கையில் பாருங்கள்.

நண்பர்கள் இருவரிடமும் இன்றே சொல்லுங்கள். நாளை வேண்டாம், அவர்களிடமும் இப்போது 'வரி' கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்களும் ஏமாந்தவர், தெரிந்தே இழுத்துவிடவில்லை என்பதற்கு, அவர்களை முதலில் எச்சரித்ததும் சேர்ந்து புகார் கொடுத்ததும்தான் நல்ல சாட்சி. ஆப்பில் 'ரெஃபரல் போனஸ்' என்று காட்டியதை மறைக்க வேண்டாம். அது வெறும் திரை எண் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

மனைவியிடமும் சொல்லிவிடுங்கள் ஐயா. நகை அடகில் இருக்கிறது, ஓய்வூதியக் கணக்கு முடங்கியிருக்கிறது. எத்தனை நாள் மறைக்க முடியும்? தனியாகச் சுமப்பவரைத்தான் இந்தக் கும்பல் திரும்பத் திரும்பக் கறக்கிறது. வீட்டில் இன்னொருவருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த அழைப்பு வரும்போது போனை வாங்கி வைத்துவிட ஒரு கை இருக்கும். உறக்கம் வராமல், வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மேலே சுருக்கத்தில் சேர்க்காத, கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

முடக்கப்பட்ட கணக்கு

உங்களுக்கு முதலில் வந்த 9,000 ரூபாய்தான் இதற்குக் காரணமாக இருக்கும். அந்தப் பணம் லாபம் இல்லை. வேறு மாநிலத்தில் உங்களைப் போலவே ஏமாந்த ஒருவரின் பணத்தைத்தான் உங்கள் கணக்குக்குத் திருப்பிவிட்டிருக்கிறார்கள். அவர் புகார் கொடுத்ததும், பணம் போன வழியில் இருந்த கணக்குகளை எல்லாம் நிறுத்தச் சொல்லி வங்கிக்கு உத்தரவு போயிருக்கும். பி-டு-பி முறையில் முகம் தெரியாதவரோடு பணம் கொடுத்து வாங்கும் எல்லோருக்கும் உள்ள ஆபத்து இது. பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போனாலும் எதிரில் இருப்பவரின் பணம் எங்கிருந்து வந்தது என்று நமக்குத் தெரியாது.

கிளை மேலாளரிடம் எழுத்துமூலம் மூன்று விவரம் கேளுங்கள்: எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை சம்பந்தப்பட்டது. பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் விளக்கம் அனுப்புங்கள். நீங்களும் அதே கும்பலிடம் ஏமாந்தவர் என்பதற்கு 1930 ஒப்புகையை இணையுங்கள். 9,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்துவிட்டு மீதியை விடுவிக்கக் கேளுங்கள். சம்பந்தப்பட்ட தொகைக்கு மேல் முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உட்படப் பல நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. அந்த 9,000 உங்கள் பணம் இல்லை என்பதால் அதை விட்டுக்கொடுக்கத் தயார் என்றும் எழுதலாம். விவகாரம் சீக்கிரம் முடியும். பதில் வராவிட்டால் சம்பந்தப்பட்ட மாஜிஸ்ட்ரேட்டிடம் மனுப் போடலாம், அதற்கும் பலன் இல்லை என்றால் உயர் நீதிமன்றம்.

மனுவின் முதல் பத்தியிலேயே இது ஓய்வூதியக் கணக்கு என்பதையும், வேறு வருமானம் இல்லை என்பதையும் எழுதுங்கள். ஓய்வூதியக் கொடுப்பாணை நகலை இணையுங்கள். அடுத்த மாத ஓய்வூதியம் இந்தக் கணக்கில் விழுந்து மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வேறு வங்கியில் கணக்கு தொடங்கி, கருவூலத்தில் கணக்கு மாற்ற விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். வங்கி தரும் பதிலில் காவல் நிலையத்தின் பெயர் வந்ததும் எனக்கு எழுதுங்கள். விளக்கக் கடிதத்தின் வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.